டோக்கியோவுக்குக் கொஞ்சம், கியோட்டோவுக்கு மிச்சம்: ஜப்பான் பயணக் குறிப்புகள்

சனி இரவு, உவேனோ, டோக்கியோ

நரிட்டா விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. நவம்பர் கடைசியில் இங்கே நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. சென்னையில் நேற்று ராத்திரி ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறி, கடிகாரத்தில் மூன்றரை மணி நேரத்தையும் பறிகொடுத்து வந்து சேர்ந்தால் சனிக்கிழமை முழுசாகத் தீர்ந்து போயிருக்கிறது. லீவு கணக்குப் போடுகிறவர்கள் இந்த நாளைப் பயண நாளாகவே எழுதிக்கொள்ள வேண்டும். வந்த அன்றைக்கே ஒரு கோயில், ஒரு கோபுரம் என்று திட்டம் போடுவது உடம்புக்கு ஆகாது.

அக்காவும் நானும் மட்டும்தான் வந்திருக்கிறோம். அக்கா வங்கியில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கிடைத்த லீவுக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். ஆகஸ்டில் அவள் அனுப்பிய பட்டியலில் டோக்கியோ, ஹகோனே, கனாசவா, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா, மியாஜிமா எல்லாம் இருந்தன. புல்லட் ரயிலில் பார்த்தால் எல்லாமே பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரிதான் தெரியும். டோக்கியோவிலிருந்து ரயில் பாதையில் ஐந்நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்கும் கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரம் போதும்.

ஆனால் நேரத்தைத் தின்பது ரயில் இல்லை, ஊர் மாறுவதுதான். காலையில் பெட்டி கட்ட வேண்டும். பத்து, பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். புது ஊரில் அறைச் சாவி மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். நாலரைக்கு இருட்டுகிற மாதத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நல்ல பாதி நாளாவது போகும். அதனால் எத்தனை ஊர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்று எண்ண ஆரம்பித்தோம். படுக்கை இரண்டே ஊரில், டோக்கியோவிலும் கியோட்டோவிலும். செவ்வாய்க் காலை வரை இங்கே, அதற்கப்புறம் ஊருக்குக் கிளம்பும் வரை கியோட்டோ.

டோக்கியோவுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். டோக்கியோ எத்தனை நாள் கொடுத்தாலும் தீராத ஊர். கியோட்டோவில் தங்கினால் நாரா முக்கால் மணி நேரம், ஒசாகா அரை மணி நேரம், ஹிரோஷிமாகூட இரண்டு மணி நேரத்துக்குள். ஒரே அறையில் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கைப்பையோடு போய் வரலாம்.

விமான டிக்கெட்டையும் அதற்கேற்ப எடுத்தோம். வருவது டோக்கியோவுக்கு, திரும்புவது ஒசாகா பக்கத்துக் கன்சாய் விமான நிலையத்திலிருந்து. மறுபடி டோக்கியோ வர வேண்டாம். ஆளுக்குச் சுமார் 14,000 யென் ரயில் கட்டணமும் மிச்சம், ஒரு பாதி நாளும் மிச்சம். இதுதான் இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஞாயிறு இரவு, டோக்கியோ

விடிகிற நேரத்துக்கே அசாகுசாவில் இருந்தோம். சென்சோஜி கோயிலின் பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே, கூட்டம் வருவதற்கு முன்னால், பக்கத்துத் தெருப் பாட்டிகள் நாய்களோடு நடந்துகொண்டிருந்தார்கள். 628ஆம் ஆண்டு இரண்டு மீனவச் சகோதரர்களின் வலையில் ஆற்றிலிருந்து கண்ணோன் என்கிற கருணைத் தெய்வத்தின் சிலை ஒன்று வந்தது என்பது இந்தக் கோயிலின் கதை. இப்போது நிற்கிற பிரதான மண்டபம் 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1958இல் மறுபடி எழுந்தது.

அங்கிருந்து ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் மட்சுச்சியாமா ஷோடென் என்று ஒரு சின்னக் கோயில். முதல் தடவை வருகிறவர்கள் பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் போக வேண்டும், ஏனென்றால் அங்கே இருப்பவர் நம்ம பிள்ளையார். கங்கிதென் என்கிறார்கள். திருவுருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை, எப்போதும் மூடியேதான் இருக்கும். படையலுக்குக் கொழுக்கட்டை இல்லை, வெள்ளை முள்ளங்கி. கையின் நீளத்துக்கு, இலையெல்லாம் நறுக்கிய ஒரு முள்ளங்கியை வாசலில் வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சன்னதி முன்னால் வைத்தோம். ஏற்கனவே ஒரு வரிசை முள்ளங்கி அடுக்கியிருந்தது. படிக்கட்டு, கல், கதவு என்று பார்க்கிற இடமெல்லாம் இரண்டு முள்ளங்கியும் ஒரு சுருக்குப்பையும் செதுக்கியிருக்கிறார்கள். அக்கா தோப்புக்கரணம் போட்டாள். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து வணங்கினார்.

மதியம் உவேனோவில் தேசிய அருங்காட்சியகம். அதை இன்றைக்கே வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. குறைந்த நாள் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கிழமை எது மூடியிருக்கும் என்பதைத்தான்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. அக்கா சுத்த சைவம். இங்கே பார்ப்பதற்குக் காய்கறி சூப் மாதிரி இருப்பதில்கூட மீன் சாறு சேர்ந்திருக்கும், தாஷி என்பார்கள். கடைத்தெருவில் தேடி அலைந்தால் சாப்பாட்டுக்கே நாளில் இரண்டு மணி நேரம் போய்விடும். நாங்கள் காலைக்கும் மதியத்துக்கும் மூலைக்கு மூலை இருக்கிற சின்னக் கடைகளில் ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை, வாழைப்பழம், தயிர் என்று முடித்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடி பையிலேயே இருக்கிறது. ராத்திரிக்கு மட்டும் உட்கார்ந்து சாப்பிட இடம் பார்க்கிறோம்.

திங்கள் இரவு, டோக்கியோ

காலையில் மெய்ஜி ஜிங்கு. 1920இல் கட்டிய கோயில். சுற்றி இருக்கிற காட்டுக்காக நாடு முழுவதிலிருந்தும் ஒரு லட்சம் மரக்கன்றுகளைக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர்கள் கையால் நட்டது என்று சொன்னால்தான் தெரியும். அப்புறம் ஷிபுயா நாற்சந்தியில் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் கடந்தோம், அது போதும்.

ஹகோனே விஷயம் இன்றைக்குத்தான் முடிந்தது. புஜி மலையைப் பக்கத்தில் பார்க்காமல் ஊர் திரும்புவதா என்று அக்காவுக்கு மனசே ஆறவில்லை. நாளைக்கு வழியில் இறங்கி ஒரு ராத்திரி தங்கலாமா என்று காலையில்கூடக் கேட்டாள். நான் சொன்னது இதுதான்: மலை மேகத்துக்குள் ஒளிந்துகொண்டால் ஒரு நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாளைக் கொடுப்பதற்கு ஹிரோஷிமாவைத்தான் வெட்டியாக வேண்டும். ஹிரோஷிமா வேண்டும் என்று முதலில் கேட்டதே அவள்தான்.

சாயங்காலம் ஷின்ஜுகுவில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்துக்குப் போனோம். 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில் பார்வைக் கூடம், கட்டணம் கிடையாது. காசு கொடுத்து ஏறுகிற கோபுரங்கள் பல இருக்கின்றன. நேரமும் பணமும் குறைவாக இருப்பவர்களுக்கு இது போதும் என்று தைரியமாகச் சொல்வேன். குளிர்காலம் தொடங்குகிற தெளிவான வானம். மேற்கே சூரியன் இறங்கியதும் அடிவானத்தில் ஆரஞ்சு வெளிச்சத்துக்கு நடுவில் கறுப்பாக, சாய்ந்த இரண்டு தோள்களோடு புஜி நின்றது. அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பத்து நிமிடம் பேசவே இல்லை. கீழே வரும்போது, “சரி, ஹகோனே வேண்டாம்” என்றாள்.

பெரிய பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பில் கொடுத்துக் கியோட்டோ ஹோட்டல் முகவரிக்கு அனுப்பிவிட்டோம். தக்யூபின் என்கிற சேவை. பெட்டி மறுநாள் போய்ச் சேரும். புல்லட் ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதற்கென்று இருக்கை முன்பதிவு வேண்டும். அந்தத் தொல்லையும் இதில் இல்லை.

செவ்வாய் இரவு, கியோட்டோ

ரயிலில் வலதுபுறம் இரண்டு இருக்கை வரிசையில் ஜன்னலோரம் எடுத்தோம். கியோட்டோ போகும் திசையில் புஜி அந்தப் பக்கம்தான் தெரியும். டோக்கியோவிலிருந்து கிளம்பிச் சுமார் முக்கால் மணி நேரத்தில், ஆலைகளின் புகைபோக்கிகளுக்குப் பின்னால், தலையில் பனியோடு முழு மலையும் வந்தது. பெட்டியே எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டது.

ரயில் பாஸ் பற்றி ஊரிலிருந்து இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வெளிநாட்டினருக்கான ஏழு நாள் பாஸ் முன்பு 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 ஆனது. எங்கள் திட்டத்தில் டோக்கியோ–கியோட்டோ ஒருவழி 14,000, கியோட்டோ–ஹிரோஷிமா போய்வர 23,000க்குள். கூட்டினால் 37,000. பாஸ் தேவையே இல்லை. இரண்டே ஊரில் தங்குகிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் லாபம்.

அறையைக் கியோட்டோ ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் எடுத்திருக்கிறோம். அழகான பழைய தெருக்கள் எல்லாம் கிழக்கே, கியோன் பக்கம். அங்கே தங்கினால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நாள் அதிகாலையில் வெளியூர் ரயில் பிடிக்கப் போகிறவர்களுக்கு நிலையம்தான் வசதி. இலை சிவக்கிற இந்தப் பருவத்தில் கியோட்டோ நகரப் பேருந்துகளில் ஏறவே முடியாத கூட்டம். ரயிலையும் காலையும் நம்புவது மேல்.

வந்து சேர்ந்த நாளுக்கு ஃபுஷிமி இனாரியை வைத்திருந்தோம். கியோட்டோவில் மற்ற கோயில்கள் பலவும் நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும். இது ராத்திரியும் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட ரயில். மலை மேல் வரை ஆயிரக்கணக்கில் சிவப்பு வளைவுகள். ஒவ்வொன்றும் ஒரு கடைக்காரரோ கம்பெனியோ நேர்ந்துகொண்டு நட்டது, பின்பக்கம் கறுப்பு எழுத்தில் பெயரும் தேதியும் இருக்கிறது. 233 மீட்டர் மலையில் பாதி வரை ஏறினோம். கூட்டம் கீழேயே நின்றுவிடுகிறது. மேலே போகப் போக நம் காலடிச் சத்தம் மட்டும்தான்.

புதன் இரவு, கியோட்டோ

கியோமிசு-தெரா காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. ஆறேகாலுக்கு உள்ளே இருந்தோம். பதின்மூன்று மீட்டர் உயரத்தில் மலைச்சரிவுக்கு மேல் நீண்டு நிற்கிற மர மேடையில் விடியலைப் பார்த்தோம். எட்டரைக்கு இறங்கி வரும்போது எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாள் குறைவாக உள்ளவர்களுக்கு அதிகாலைதான் கூடுதல் லீவு.

அங்கிருந்து நடந்தே சஞ்சூசங்கென்தோ. கியோட்டோவில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் பொன் மண்டபத்துக்கும் போக மாட்டேன், மூங்கில் காட்டுக்கும் போக மாட்டேன். இங்கேதான் வருவேன்.

120 மீட்டர் நீளத்துக்கு ஒரே மர மண்டபம். 1164இல் கட்டி, 1249இல் எரிந்து, 1266இல் மறுபடி கட்டியது. உள்ளே ஆளுயரத்துக்கு ஆயிரம் கண்ணோன் சிலைகள் படிப்படியாக நிற்கின்றன, நடுவில் பெரியதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தங்கத்தின் மினுமினுப்பு அந்த அரையிருட்டில் தேனின் நிறத்துக்கு வந்திருக்கிறது. படம் எடுக்கக் கூடாது. அதனால் எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் நாங்கள் நின்றுவிட்டது அந்த ஆயிரத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கிற இருபத்தெட்டுக் காவல் தெய்வங்களிடம். பெயர்ப்பலகையில் சமஸ்கிருதப் பெயரும் இருக்கிறது. பிரம்மா, இந்திரன், நாராயணன், மகேஸ்வரன், அசுரன், கின்னரன் என்று ஒவ்வொருவராக அக்கா வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். கருடன் இறக்கையை விரித்துக்கொண்டு புல்லாங்குழல் ஊதுகிறார். வசு முனிவர் என்று ஒரு கிழவர் இருக்கிறார். எலும்பும் தோலுமாக, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு கோலை ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து எங்கேயோ கிளம்புகிற மாதிரி நிற்கிறார். மரத்தில் செய்த அந்தக் கழுத்தைப் பார்த்தால் மூச்சு வாங்குகிறாரோ என்றுதான் தோன்றுகிறது. கண்ணில் படிகம் பதித்திருக்கிறார்கள், நாம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. “நம்ம ஊர்த் திண்ணையில உக்காந்திருக்கிற தாத்தாடி இவரு” என்றாள் அக்கா.

ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்த இடத்தில் மூன்று மணி நேரம் இருந்தோம். மதியத்துக்கு வைத்திருந்த கின்காகுஜியை அப்படியே எடுத்துவிட்டோம். 1950இல் எரிந்து 1955இல் மீண்டும் கட்டிய அந்தப் பொன் மண்டபம் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் வசு முனிவரைப் பாதியில் விட்டுவிட்டுப் பேருந்தில் நசுங்கிப் போய்ப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

வியாழன் இரவு, கியோட்டோ

காலை ஏழு மணிக்கு முன்பே ரயில், ஒன்பது மணிக்குள் ஹிரோஷிமா. நிலையத்தில் இறங்கி டிராமில் போனோம். 1945இல் குண்டு விழுந்து மூன்றாம் நாளே ஒரு பகுதிப் பாதையில் டிராம் ஓடியிருக்கிறது. அன்றைக்குத் தப்பித்த வண்டிகளில் 651, 652 என்ற எண்ணுள்ள இரண்டு இன்னும் ஓட்டத்தில் இருக்கின்றன.

அணுகுண்டில் இடிந்தும் நிற்கிற குண்டுக் குவிமாடம் நினைத்ததைவிடச் சின்னது. யான் லெட்செல் என்ற செக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1915இல் கட்டிய பொருட்காட்சி மண்டபம். ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஏறக்குறைய இதற்கு நேர் மேலே வெடித்ததால்தான் சுவர் நின்றது என்கிறார்கள். நினைவுப் பூங்காவின் நடுவில் நின்றால் அருங்காட்சியகம், நினைவு வளைவு, குவிமாடம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் தெரியும். அப்படி அமைத்தவர் கென்சோ தாங்கே. திங்கட்கிழமை நாங்கள் ஏறிய டோக்கியோ அரசுக் கட்டடமும் அவர் வடிவமைத்ததுதான்.

அருங்காட்சியகக் கட்டணம் 200 யென். உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. வேலைக்குப் போன பள்ளிச் சிறுவன் ஒருவனுடையது. அம்மா காலையில் கட்டிக்கொடுத்த சோறு அப்படியே கரியாகி, டப்பாவின் வடிவத்திலேயே இருக்கிறது. மூடி வளைந்திருக்கிறது. அக்கா தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து பையனுக்கு டப்பா கட்டுகிறவள். அவள் அந்தக் கண்ணாடிக்கு முன்னாலிருந்து நகரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கொஞ்சம் தள்ளி மூன்று வயதுக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். அப்பா அதைக் குழந்தையோடு சேர்த்துத் தோட்டத்தில் புதைத்து, நாற்பது வருஷம் கழித்து 1985இல் எடுத்து இங்கே கொடுத்திருக்கிறார்.

திட்டப்படி மதியம் மியாஜிமா தீவு. கடலில் நிற்கிற அந்தச் சிவப்பு வளைவு. ரயிலும் படகும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், நேரமும் இருந்தது. ஹிரோஷிமா வருகிற பலரும் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கிறார்கள். எங்களால் முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. ஆற்றங்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். பிறகு குழந்தைகள் நினைவுச் சின்னத்தில் மாணவர்கள் கொண்டுவந்து கட்டிய காகிதக் கொக்கு மாலைகளைப் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பினோம். பட்டியலில் ஹிரோஷிமாவை வைக்கிறவர்கள் அதற்கு முழு நாள் கொடுங்கள், அதோடு வேறு எதையும் ஒட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

வெள்ளி இரவு, கியோட்டோ

நேற்றைக்குப் பிறகு நாரா வந்தது மனசுக்கு நல்லதாக இருந்தது. முக்கால் மணி நேர ரயில். நிலையத்திலிருந்து பூங்கா வரை நடந்தால் வழியெல்லாம் மான். அதற்கென்று விற்கிற அரிசித் தவிட்டு அப்பளத்தைக் கையில் எடுத்தால் தலையை ஆட்டி ஆட்டிக் கும்பிடுகிறது. கொடுக்கத் தாமதமானால் சட்டையைப் பிடித்து இழுக்கிறது.

தோடாய்-ஜியில் பதினைந்து மீட்டர் உயர வெண்கல புத்தர். இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது. பழையதைவிட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்கிறார்கள், இருந்தும் கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 752இல் இந்த புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்ற துறவி. தென்னிந்தியர் என்று சொல்லும் வழக்கும் உண்டு. அவர் பிடித்த தூரிகையில் நீளமான பட்டுக் கயிறு கட்டி, அதைக் கூடியிருந்தவர்கள் கையில் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கிற புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு என்று. அந்தத் தூரிகையும் கயிறும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஷோசோயின் கருவூலத்தைச் சேர்ந்த பொருட்களாக இன்றும் இருக்கின்றன.

திரும்பும் வழியில் ஒசாகாவில் இறங்கி ராத்திரி விளக்குகளைப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா காலைத் தூக்கிக் காட்டினாள், செருப்புக் கடித்த இடத்தில் இரண்டு பிளாஸ்திரி. ஒசாகாவும் போயிற்று. அறைக்குப் பக்கத்துக் கடையில் மீன் சாறு இல்லாத தோஃபு சாப்பாடு கேட்டு வாங்கி, வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறோம்.

சனி, கன்சாய் விமான நிலையம்

காலையில் ரியோவான்ஜி கல் தோட்டம். பதினைந்து கற்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும் என்பார்கள். திண்ணையில் இடம் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்த கூட்டத்தோடு நாங்களும் எண்ணினோம். மதியம் ஹாருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் இங்கே வந்துவிட்டோம். கடலில் மண் கொட்டி உண்டாக்கிய தீவில் 1994இல் திறந்த விமான நிலையம்.

எங்களைவிட லீவு குறைவாக உள்ள ஒரு சித்தி பெண் காலையில் கேட்டிருந்தாள், எதை வெட்டுவது என்று. டோக்கியோவில் திங்கட்கிழமையை வெட்டு, புஜி ரயிலிலிருந்தே தெரியும் என்று எழுதினேன். இன்னும் குறைய வேண்டுமென்றால் டோக்கியோவையே விட்டுவிட்டுக் கன்சாயில் இறங்கிக் கன்சாயிலேயே ஏறு, கியோட்டோவில் ஒரே அறை, நாரா ஒரு நாள், ஹிரோஷிமா ஒரு நாள். குழந்தைகளோடு வருகிறாள் என்பதால் ஹிரோஷிமா பற்றி மட்டும் அவளே முடிவு செய்யட்டும். கியோட்டோவிலிருந்து ராத்திரிகளை எடுக்காதே என்று தனியாக ஒரு வரி போட்டேன்.

அக்கா இப்போதே அடுத்த லீவுக்குக் காகிதத்தை எடுத்துவிட்டாள். மியாஜிமாவில் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டுமாம். அலை ஏறும்போது வளைவு தண்ணீரில் நிற்பதையும் பார்க்க வேண்டும், இறங்கியபின் அதன் காலடி வரை நடந்தும் போக வேண்டும். கனாசவாவுக்குக் கியோட்டோவிலிருந்து போனால் சுருகாவில் வண்டி மாற வேண்டும், 2024 மார்ச்சிலிருந்து புல்லட் ரயில் அதுவரை வருகிறது. டோக்கியோவிலிருந்து போனால் மாறவே வேண்டாம். எந்தப் பக்கமிருந்து நுழைவது என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. விமானத்தில் ஏறக் கூப்பிடுகிறார்கள். சிங்கப்பூர் வரை பேச விஷயம் இருக்கிறது.